ஏலத்தில் போன வெள்ளை விரிப்புகள்

ஜவுளிக்கடையில் பதினோரு வருஷம் நின்றவள் நான். காலை ஒன்பதரைக்குப் புடவைப் பிரிவில் நிற்க ஆரம்பித்தால் கடை சாத்துகிறவரை நிற்கவேண்டும். சாப்பாட்டுக்கு இருபது நிமிஷம், பாத்ரூம் போய்வரும் நேரம், இரண்டையும் கழித்தால் மீதியெல்லாம் நிற்பதுதான். வேலை பார்ப்பவர்கள் உட்கார இடம் தரவேண்டும் என்று சட்டம் வந்தபோது எங்கள் மாடிக்கும் ஒரு ஸ்டூல் வந்தது. வந்த அன்றைக்கே அதன்மேல் காட்டன் புடவைப் பெட்டிகள் ஏறி உட்கார்ந்தன. அவற்றை யாரும் இறக்கவில்லை, நானும் இறக்கவில்லை.

என் இரண்டு கெண்டைக்காலிலும் நரம்பு சுருட்டிக்கொண்டு பச்சையாய்ப் புடைத்திருக்கிறது. டாக்டர் விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, "நிக்கிற வேலைய விட்ருங்கம்மா" என்றார். காபியை விட்டுவிடுங்கள் என்று சொல்வதைப்போல அத்தனை சுலபமாய்ச் சொன்னார். என் வீட்டுக்காரர் எங்கள் பங்குக் கோயிலில் உபதேசியார். ஞானஸ்நானம், கல்யாணம், சாவு, நவநாள் செபம் என்று எல்லாவற்றுக்கும் சைக்கிளில் ஓடுகிறவர். கோயில் தருகிற சம்பளத்தில் வீட்டு வாடகை கொடுக்கலாம், அரிசி வாங்கலாம், பிறகு செபம்தான் சொல்லவேண்டும். மகள் காந்திகிராமத்தில் படித்துக்கொண்டிருந்தாள். அதனால் நான் நின்றேன்.

உட்கார்ந்து செய்ய எனக்குத் தெரிந்த வேலை ஒன்றே ஒன்று. குரோஷா. ஒரு நூல்கண்டு, நுனியில் கொக்கி வைத்த ஊசி, இவ்வளவுதான் முதல். பள்ளிக்கூடத்தில் கன்னியர் மடத்து சிஸ்டர் ஒருவர் கற்றுக்கொடுத்தது. அன்பாகக் கற்றுக்கொடுத்தார் என்று எழுதினால் பொய். ஒரு கண்ணி தப்பினாலும் ஸ்கேலால் விரல் முட்டியில் போடுவார். பஸ்ஸில், சாப்பாட்டு இடைவேளையில், லீவு நாள் மத்தியானத்தில் என்று என் கை அதுபாட்டுக்குப் பின்னிக்கொண்டே இருக்கும். எங்கள் வீட்டில் இந்த வேலைக்குப் பெயர் நூல் நோண்டுவது. "அம்மா எங்க?" என்று யாராவது கேட்டால், "உள்ள நூல் நோண்டிக்கிட்டு இருக்கு" என்பாள் மகள்.

இந்த நூல் நோண்டலுக்கு ஒரு விலை உண்டு என்று முதன்முதலில் என்னை நினைக்கவைத்தது எங்கள் கோயில் ஏலம்தான்.

எங்கள் திருவிழாவில் தேர்பவனிக்கு முந்தைய நாள், சாயங்காலப் பூசை முடிந்ததும் காணிக்கை ஏலம் நடக்கும். சனங்கள் எங்கள் கோயில் புனிதருக்கென்று கொண்டுவந்து கொடுத்ததையெல்லாம் கொடிமரத்துக்கு முன்னால் வைத்து மைக்கில் ஏலம் விடுவார்கள். சேவல், ஆட்டுக்குட்டி, வாழைத்தார், சாணார்பட்டிப் பக்கமிருந்து வருகிற மாம்பழக் கூடை, சின்ன வெங்காய மூட்டை. ஏலம் விடுபவர் ரிட்டயரான பஸ் கண்டக்டர். முப்பது வருஷம் டிக்கெட் கேட்டுக் கத்திய தொண்டை அது. "ஒருதரம்" என்று அவர் இழுத்தாலே பக்கத்துத் தெருவில் இருப்பவர்களும் பையைத் தடவிப் பார்த்துக்கொள்வார்கள்.

ஒரு வருஷம் கொடுக்க எங்கள் வீட்டில் எதுவும் இல்லை. உபதேசியார் வீட்டிலிருந்தே காணிக்கை வராவிட்டால் நன்றாக இருக்காது என்று, நான் பின்னி வைத்திருந்த டீப்பாய் விரிப்பு ஒன்றை இவர் ஒரு கண்ணாடிக் கவரில் போட்டு எடுத்துக்கொண்டு போனார். எனக்குக் கூச்சமாக இருந்தது. ஆட்டுக்கும் வாழைத்தாருக்கும் நடுவில் என் நூலை யார் கேட்கப்போகிறார்கள் என்று பெண்கள் பக்கம் தள்ளி நின்றுகொண்டேன்.

கேட்டார்கள். எங்கள் பங்கில் வசதியானவர்கள் இரண்டு பேர். ஒருவர் வெங்காய மண்டி வைத்திருக்கிறார், இன்னொருவருக்கு நாலு பஸ் ஓடுகிறது. மண்டிக்காரர் ஐநூறு என்றார். பஸ்காரர் ஆயிரம் என்றார். கண்டக்டர் கவரை உயரத் தூக்கிப் பிடித்து, "உபதேசியார் வீட்டம்மா கையால பின்னுனது, கண்ணுல ஒத்திக்கலாம்" என்று ஏற்றிவிட்டார். ஆயிரம் இரண்டாயிரமானது, இரண்டாயிரம் நாலாயிரமானது. ஏழாயிரத்தில் மூன்றாம் தரம் சொல்லி முடித்தபோது மண்டிக்காரர் கையில் கவர் இருந்தது, எல்லோரும் கை தட்டினார்கள். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. கடையில் ஒரு மாதம் நின்றால் கிடைப்பதற்குக் கொஞ்சம்தான் குறைவு அது. பணம் புனிதருக்குத்தான், எனக்கில்லை. ஆனாலும் அன்று ராத்திரி முழுக்க எனக்குக் கால் வலி தெரியவில்லை.

அதற்கப்புறம் ஒவ்வொரு வருஷமும் கொடுத்தேன். ஒவ்வொரு வருஷமும் விரிப்பு பெரிதானது, ஏலமும் ஏறியது. நாலாவது வருஷம், ஆறு பேர் உட்காரும் சாப்பாட்டு மேசைக்கு ஒரு விரிப்பு. ஓரமெல்லாம் திராட்சைக்கொடி. ஐந்து மாதம் பின்னினேன். பதினோராயிரத்துக்குப் போனது. நாலில் மூன்றை மண்டிக்காரர் எடுத்திருந்தார், ஒன்றைப் பஸ்காரர். அந்த இரண்டு பேரும் பேசிக்கொள்ளமாட்டார்கள் என்பது ஊருக்கே தெரியும். தேர்வடத்தை முதலில் யார் தொடுவது என்று எப்போதோ வந்த சண்டை. எனக்கும் தெரியும். தெரிந்தும், அவர்கள் என் திராட்சைக்கொடிக்காகத்தான் முட்டிக்கொள்கிறார்கள் என்று நம்பினேன். அப்படி நம்பினால் நன்றாக இருந்தது, வேறு காரணம் சொல்லத் தெரியவில்லை.

மகள்தான் கணக்கைப் போட்டுக் காட்டினாள். கிறிஸ்துமஸுக்கு முன்னால் டவுனில் ஒரு கல்யாண மண்டபத்தில் மூன்று நாள் விற்பனைக் கண்காட்சி நடக்கும். வீட்டில் கைவேலை செய்கிறவர்கள் வாடகைக்கு ஒரு மேசை பிடித்துக் கடை போடலாம்.

"பதினோராயிரத்துக்குப் போறத நீ நாலாயிரத்துக்குக் குடும்மா. சனம் அள்ளிட்டுப் போயிரும். அந்தக் கடைல எதுக்கு நிக்கிற?" என்றாள்.

திருவிழா ஆனியில் முடிந்தது. அன்றிலிருந்து கார்த்திகை வரைக்கும் நான் யோசித்தேன். யோசித்தேன் என்றால் சும்மா இல்லை. ஒரு புடவையை விரித்துக் காட்டி, பிடிக்கவில்லை என்றதும் மடித்து, அடுத்ததை விரிக்கும் நேரத்திலெல்லாம் யோசித்தேன். மேசைக்கு முன்னால் நான் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன், வருகிறவர்கள் நின்று பார்க்கிறார்கள் என்று நினைத்துப் பார்ப்பேன். அந்த நினைப்பில் விரிப்புகளைவிட நாற்காலிதான் பெரிதாகத் தெரிந்தது. மூன்று நாளில் நாலைந்து பெரிய விரிப்பு போனால் போதும், அதைப் பார்த்து ஆர்டர் வரும், வீட்டில் உட்கார்ந்தே பின்னிக் கொடுக்கலாம், கடைக்குப் போகவேண்டாம். கோயிலில் தெரிந்தவர்களிடம் கேட்டேன். ஒருத்தர்கூட வேண்டாம் என்று சொல்லவில்லை. "தாராளமா போடுங்க, உங்க கைக்கு என்ன" என்றார்கள். நான் வாங்குகிறேன் என்றும் ஒருத்தர்கூடச் சொல்லவில்லை என்பதை அப்போது நான் கவனிக்கவில்லை.

என் வீட்டுக்காரரிடம் சொன்னபோது அவர் பீடத்து மெழுகுதிரித் தண்டுகளைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை.

"யோசிச்சுக்க" என்றார்.

"அம்புட்டுத்தானா?"

"நல்லா யோசிச்சுக்கன்றேன்."

மெழுகுதிரித் தண்டு மூன்று தடவை தேய்க்கப்பட்டது. இவர் எதற்கும் இப்படித்தான் என்று விட்டுவிட்டேன்.

கஷ்டம் லீவில் வந்தது. டிசம்பரில் ஜவுளிக்கடையில் யாருக்கும் லீவு கிடையாது, அம்மா செத்தால்கூட பாதி நாள்தான். நான் மேனேஜரிடம் போய் நின்றேன். என் தம்பி வயசுக்காரர், நல்ல மாதிரிதான்.

"மூணு நாள் வேணும் சார்."

"சீசன்லயா? ஏம்மா, நீங்களே புதுப் பொண்ணுகளுக்குச் சொல்றவங்க. நீங்களே வந்து கேட்டா நான் மொதலாளிகிட்ட என்னன்னு சொல்ல?"

"அப்ப வேலைய விட்டுர்றேன் சார்."

சொல்லிவிட்டேன். இத்தனை மாதம் யோசித்ததெல்லாம் அந்த ஒரு நொடியில் வாயைத் தாண்டி வந்துவிட்டது. அவர் என்னை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தார். "நல்லா யோசிச்சுட்டுச் சொல்லுங்கம்மா" என்றார். எல்லா ஆம்பிளைகளும் என்னை யோசிக்கச் சொல்கிறார்களே என்று எரிச்சலாக இருந்தது. யோசித்தாகிவிட்டது என்று சொல்லிவிட்டு அடையாள அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றிக் கொடுத்தேன். மாடிப்படி இறங்கும்போது சிரிப்பாக வந்தது. பதினோரு வருஷத்தில் அந்தப் படியில் நான் சிரித்துக்கொண்டு இறங்கியது அன்றைக்குத்தான்.

மேசை பிடித்தோம். இத்தனை வருஷத்தில் பின்னிச் சேர்த்து வைத்திருந்தது ஏழு பெரிய விரிப்பு, பன்னிரண்டு சின்னது. எல்லாம் வெள்ளை. பால் வெள்ளை இரண்டு, மற்றதெல்லாம் பளீர் வெள்ளை. ஏலத்தில் போனதெல்லாம் வெள்ளைதானே, அதனால் வேறு நிறம் என் புத்திக்கே எட்டவில்லை. மகள் ஒவ்வொன்றிலும் சின்ன அட்டை கட்டி விலை எழுதினாள். பணம் போட ஃபோனில் ஸ்கேன் பண்ணுகிற அட்டை ஒன்றை மேசை ஓரத்தில் ஒட்டினாள். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். முதல் பத்து நிமிஷம் உலகத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

எனக்கு இடது பக்கம் ஊறுகாய்க் கடை. பூண்டு ஊறுகாயை ஒரு சின்னக் கரண்டியில் எடுத்து ஒவ்வொருத்தர் உள்ளங்கையிலும் வைத்தார்கள். அங்கே கூட்டம் அலைமோதியது. நக்கின கையோடு ஆட்கள் என் மேசைக்கு வந்தார்கள். "தொடாதீங்க" என்று சொல்லவும் முடியவில்லை, தொடவிடவும் முடியவில்லை. சாயங்காலத்துக்குள் என் விரிப்பெல்லாம் பூண்டு நாற்றம் அடித்தது.

"மெஷின்ல போட்டதா, கையில போட்டதா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"கையிலதாம்மா."

"கையிலன்னா ஃபினிஷிங் இருக்காதே."

ஒரு பெண் என் திராட்சைக்கொடியை ஃபோனில் கிட்டத்தில் வைத்து ஐந்தாறு படம் எடுத்தாள். ஆசைப்பட்டு எடுக்கிறாள் என்று நானே விரித்துப் பிடித்துக் காட்டினேன். "யூட்யூப்ல பாத்துப் போட்டுரலாம்க்கா" என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொல்லிக்கொண்டே போய்விட்டாள். ஒரு பெரியவர் விலையைப் பார்த்துவிட்டு, "நானூறா?" என்றார். நாலாயிரம் என்று சொன்னதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார்.

இரண்டாம் நாள் ஒரு புருஷன் பெண்டாட்டி வந்தார்கள். நெய்க்காரப்பட்டிப் பக்கத்துக்காரர்கள், பேச்சிலேயே தெரிந்தது. அந்த அம்மா பெரிய விரிப்பை மெதுவாக, ஓரம் மடங்காமல், தொடத் தெரிந்தவளாகத் தொட்டாள். என் கண்ணில் தண்ணீர் வரப் பார்த்தது.

"ரொம்ப நல்லா இருக்குதுங்க. தங்கச்சி வீடு பால் காய்ச்சறாங்க, அதுக்கு எடுக்கலாம்னு பாத்தேனுங்க. வேற கலர் இல்லீங்களா?"

"வெள்ளைதாங்க அழகு."

"அழகுதானுங்க. நல்ல காரியத்துக்கு வெள்ளையா எடுத்துட்டுப் போனா நல்லாருக்காதுங்களே." மன்னிப்பு கேட்கும் முகத்தோடு வைத்துவிட்டுப் போனாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்களுக்கு ஞானஸ்நானத்துக்கு வெள்ளை, முதல் நற்கருணைக்கு வெள்ளை, என் கல்யாணப் புடவையே வெள்ளை. பீடத்தில் விரிப்பது வெள்ளை. வெள்ளையில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஆனால் இந்த டவுனில் புடவை விற்று வயிறு வளர்த்தவள் நான். கல்யாணப் பார்ட்டி வந்தால் வெள்ளையைத் தட்டிலிருந்தே எடுக்காதே, முகம் சுளித்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள் என்று புதுப் பெண்களுக்குப் படித்துப் படித்துச் சொன்னவளே நான்தான். கடையில் தெரிந்தது மேசையில் மறந்துவிட்டது. யாரோ செய்த தப்பாக இருந்தால் சிரித்திருப்பேன். என்னை நானே அறைந்துகொள்ளலாம்போல இருந்தது.

மூன்றாம் நாள் மத்தியானம் வரை நாலு சின்னது போயிருந்தது. அப்போது மண்டிக்காரர் வீட்டம்மா மருமகளோடு உள்ளே வந்தார். எனக்கு உயிர் வந்தது. ஒருத்தருக்கும் தெரியாவிட்டாலும் இவருக்குத் தெரியும், மூன்று விரிப்பு இவர் வீட்டில் இருக்கிறது. நாற்காலியிலிருந்து எழுந்து நின்றேன், பழக்கதோஷம்.

"நீதானாம்மா? கடை போட்டுருக்கியா, நல்லது நல்லது." பெரிய விரிப்பின் அட்டையைத் திருப்பிப் பார்த்தார். "நாலாயிரமா? நூலுக்கா?"

அவர் கிண்டலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார். அதுதான் அதிகமாகக் குத்தியது.

"உங்களுக்குன்னா மூவாயிரம் அக்கா. இதே மாதிரிதான் போன திருவிழால நீங்க பதினோராயிரத்துக்கு எடுத்தீங்க."

"அட, அது ஏலம்ல. அன்னைக்கு அந்தப் பஸ்காரரு எடுத்துறக் கூடாதுன்னு எங்க வீட்டுல கங்கணம் கட்டிட்டுல்ல வந்தாரு. சேவலா இருந்தாலும் கேட்டிருப்பாரு, செருப்பா இருந்தாலும் கேட்டிருப்பாரு."

மருமகள் அவர் கையைப் பிடித்து அழுத்தினாள். அவருக்கு ஏன் என்று புரியவில்லை. நான் கேட்காமல் இருந்திருக்கலாம். கேட்டேன்.

"அந்த விரிப்பெல்லாம் எப்படி அக்கா இருக்கு? தொவைச்சா சுருங்குதா?"

"தொவைக்கிறதா? பிரிக்கவே இல்லையேம்மா. குடுத்த கவரோட பீரோவுல, குருத்தோலைச் சிலுவைக்குப் பக்கத்துல வச்சிருக்கேன். புனிதர் காணிக்கைல்ல. அதுல சோத்துத் தட்ட வச்சுக் கொழம்பு சிந்தினா பாவம் யாருக்கு? மூணும் அப்படியே புதுசாட்டம் இருக்கு."

அவர் அதைப் பெருமையாகத்தான் சொன்னார். என் கையைப் பிடித்து, "உன் கைராசிதாம்மா, அது வந்ததுக்கப்பறம் மண்டில நல்ல யாவாரம்" என்றும் சொன்னார். பிறகு டம்ளர் வைக்கும் சின்ன வட்டம் இரண்டை விலை பேசி, குறைத்து, வாங்கிக்கொண்டார். அடுத்த மேசைக்குப் போய்ப் பூண்டு ஊறுகாய் மூன்று பாட்டில் விலை கேட்காமலே எடுத்தார்.

நான் உட்கார்ந்தேன். நாலு வருஷம், நாலு விரிப்பு. பஸ்காரர் வீட்டிலும் அப்படித்தான் இருக்கும். ஒருத்தர் வீட்டு மேசையிலும் என் நூல் ஒரு நாள்கூட விரிந்து கிடக்கவில்லை. அந்தத் திராட்சைக்கொடியை நானும், கவருக்கு வெளியே நின்ற கண்டக்டரும் தவிர ஒரு மனுஷரும் பார்க்கவில்லை. நான் ஐந்து மாதம் பின்னியது ஒரு கவருக்குள் வைக்க. அதில் நான் ஒரு முழம் செய்தித்தாளை மடித்து வைத்திருந்தாலும் ஏலம் பதினோராயிரத்தில்தான் முடிந்திருக்கும்.

வாடகைக்கும் நூலுக்கும் போட்ட காசில் கால்வாசிகூட வரவில்லை. விரிப்புகளை மடித்துப் பையில் அடுக்கும்போது மகள் அழுதாள். "நான்தாம்மா சொன்னேன்" என்றாள். "நீ சொன்ன, நான் கேட்டேன், விடு" என்றேன். அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. கோபம் எல்லாம் வேறு ஒருத்தருக்காகச் சேர்ந்துகொண்டிருந்தது.

மறுநாள் காலைப் பூசை முடிந்து இவர் வீட்டுக்கு வந்ததும் கேட்டேன்.

"மண்டிக்காரர் வீட்டு பீரோவ நீங்க பாத்திருக்கீங்களா?"

"எந்த பீரோ?"

"குருத்தோலைச் சிலுவ வச்ச பீரோ."

அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். திரும்பாமலே சொன்னார். "வீட்டுச் செபத்துக்குப் போறப்ப பாத்திருக்கேன்."

"எப்ப?"

"மொத வருசமே."

"ஏன் சொல்லல?"

"நீ சந்தோசமா இருந்த."

"அது மட்டுமா?"

ஆணியில் மாட்டிய சட்டையை நேராக்கினார். பிறகு, "உன் பொருள் வந்தாத்தான் ஏலம் சூடு பிடிக்குதுன்னு கமிட்டில சொல்லுவாங்க" என்றார். "கோயிலுக்கும் நல்லதுதான?"

நான் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. ஊருக்கெல்லாம் பொய் சொல்லாதே என்று ஞானோபதேசம் படித்துக்கொடுக்கிற மனுஷர். நான் ஆறு மாதம் யோசித்தபோதும், வேலையை விட்டபோதும் அவர் வாய் திறக்கவில்லை. அவர் பொய் சொல்லவில்லை, அது உண்மைதான். மெழுகுதிரித் தண்டைத் தேய்த்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். அன்றைக்கு அவருக்கு இட்லி வைத்துவிட்டு சட்னியை வைக்காமல் வந்துவிட்டேன். அவர் வெறும் இட்லியைத் தின்றார். அதற்குமேல் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

பொங்கல் முடிந்து கடைக்குப் போனேன். மேனேஜர் என்னைப் பார்த்ததும் எதுவும் கேட்கவில்லை, அந்த அளவுக்கு நல்லவர். என் இடத்தில் ஒரு சின்னப் பெண் நின்று பட்டு விரித்துக்கொண்டிருந்தாள். நான் சொல்லிக்கொடுத்த பெண்தான். "அக்கா" என்றவள் விரித்த புடவையை மறுபடி மடித்தாள்.

"பழைய எடம் இல்லம்மா. புதுசா சேர்ற மாதிரிதான் எழுதணும்" என்றார் மேனேஜர். "சுடிதார் செக்சன்ல ட்ரையல் ரூமுக்கு ஆள் வேணும். வாசல்ல நின்னு எத்தன பீஸ் உள்ள போகுது, எத்தன வெளிய வருதுன்னு பாக்கணும்."

புடவைப் பிரிவில் நின்றபோது சாய்ந்துகொள்ள ஒரு மேசையாவது இருந்தது. இங்கே ஒரு திரையும் ஒரு கதவும்தான். "சரி சார்" என்றேன். அடையாள அட்டையைப் புதுசாக அடித்துக் கொடுத்தார்கள்.

அடுத்த திருவிழா வந்தது. கொடி ஏறிய அன்றே இவர் என்னைப் பார்த்தார், கேட்கவில்லை. நானே சொன்னேன்.

"இந்த வருசம் என்கிட்ட ஒண்ணும் இல்ல."

"அந்த ஏழுல ஒண்ணு..."

"அந்த ஏழும் நம்ம வீட்டுல கெடக்கட்டும். நாம விரிச்சுக்குவோம்."

இன்றைக்கும் எங்கள் வீட்டு பிளாஸ்டிக் டீப்பாயில் அதில் ஒன்று கிடக்கிறது. குழம்பு சிந்திய கறையும் இருக்கிறது. ஆனால் அந்தத் திருவிழாவில் இவர் சும்மா இருக்கவில்லை. உபதேசியார் வீட்டுக் காணிக்கை இல்லாமல் ஏலமா? மார்க்கெட்டில் ஒரு பூசணிக்காயை வாங்கி, அதன்மேல் ஒரு முழம் கதம்பத்தைச் சுற்றி, என் பெயரில் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். எனக்கு அது தெரியாது. ஏலம் நடந்த அன்று ஞாயிற்றுக்கிழமை, கடையில் நல்ல கூட்டம். சாயங்காலம் ட்ரையல் ரூம் வாசலில் நிற்கும்போது ஃபோன் அதிர்ந்தது. வேலை நேரத்தில் பேசக்கூடாது. மூன்றாவது ரூம் காலியாக இருந்தது, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு எடுத்தேன். அந்தப் பக்கம் இவர், பின்னால் ஒரே மைக் சத்தம்.

"பன்னண்டாயிரம்" என்றார். குரலில் அத்தனை சந்தோஷம். "பூசணிக்கா பன்னண்டாயிரத்துக்குப் போயிருச்சு. கண்டக்டரு உன் பேரச் சொல்லித்தான் ஏலம் விட்டாரு. உன் விரிப்புகூட இம்புட்டுக்குப் போகல."

"யாரு எடுத்தா?"

"மண்டிக்காரர்தான். பஸ்காரரு பதினொண்ணு ஐநூறு வரைக்கும் வந்தாரு."

"பீரோவுல வப்பாங்களா அத?"

அவருக்கு நான் கேட்டது காதில் விழவில்லையா, விழுந்ததா என்று தெரியவில்லை. "நாளைக்கு திருவிழாச் சாப்பாட்டுக்கு அதத்தான் வெஞ்சனம் வைக்கச் சொல்லிட்டாரு. ஊரே சாப்பிடும்" என்றார்.

ஃபோனை வைத்தேன். அந்தப் பூசணிக்காயை யாரும் ஐந்து மாதம் பின்னவில்லை. ஆனாலும் நாளைக்கு அது வெட்டப்படும், வேகும், நாலு பேர் இலையில் விழும், உப்பு போதவில்லை என்று ஒருத்தராவது சொல்வார். பூசணிக்காய்மேல் எனக்கு வந்த பொறாமையைச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். அழுகை வந்தது. சத்தம் வராமல் அழுதேன்.

உள்ளே, வருகிறவர்கள் பையை வைக்கச் சுவரோடு ஒரு சின்னப் பலகை அடித்திருந்தார்கள். அதில் உட்கார்ந்தேன். பன்னிரண்டு வருஷத்தில் வேலை நேரத்தில் நான் அந்தக் கடைக்குள் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. காலை நீட்டினால் எதிர்ச் சுவரில் முட்டியது. ரத்தம் பாதத்துக்கு இறங்காமல் ஒரு நிமிஷம் நின்றது.

யாரோ கதவைத் தட்டினார்கள். "உள்ள ஆள் இருக்கா?"

"இருக்கு" என்றேன். எழுந்திருக்கவில்லை.